மருவும் மருந்தும்

மனிதன் தன் வயதை மறைக்க விரும்பினாலும் அவனுடைய தோல் அதற்கு உடன்படுவதில்லை. நரைத்த முடிக்குச் சாயம் பூசலாம். விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் கட்டலாம். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களின் முகத்திலும் கழுத்திலும் முதுகிலும் ஒவ்வொன்றாக எழும்புகின்ற கறுத்த புள்ளிகளும், தொங்குகின்ற சிறு சதைகளும் காண்போர் கண்ணுக்குத் தப்புவதில்லை. அவற்றை நம் ஊர்களில் 'மரு' என்றும் 'பாலுண்ணி' என்றும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. அவற்றுள் பெரும்பாலானவை யாதொரு தீங்கும் செய்யாதவை. மிகச் சில உயிரையே பறிக்கக் கூடியவை. இந்த வேறுபாட்டை அறியாததால் என் வீட்டில் நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. விலங்கியல் மாணவி என்ற முறையில் வகுப்பில் கற்றதையும், மருத்துவமனை வராந்தாவில் கற்றதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிச்சயதார்த்தத்தில் ஒரு கேள்வி

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டுக் கிராமம். என் ஆயாவுக்கு (அப்பாவின் தாயாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வயது அறுபத்தெட்டு. அவருடைய இடது கன்னப்பொட்டில் புளியங்கொட்டை அளவில் கறுத்துத் தடித்த மரு ஒன்று பல ஆண்டுகளாக இருந்துவந்தது. கழுத்தைச் சுற்றிலும் கடுகும் மிளகுமாகச் சிறு சதைகள் தொங்கின. எங்களுக்கு அது ஆயாவின் முகம்; அவ்வளவுதான். நாங்கள் அதை ஒரு நோயாக நினைத்ததே இல்லை.

என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் என் அம்மாவின் காதருகே, "பெரியம்மாவுக்கு முகத்துல என்னாங்க அது? தொத்துற வியாதி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் ஆயாவின் காது கூர்மையானது. அன்று பந்தியில் அவர் உட்காரவில்லை. மறுநாளிலிருந்து தமக்கெனத் தட்டும் தம்ளரும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியபோது, "வேணாம் கண்ணு, ஆயாகிட்ட வராத" என்று ஒதுங்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் ஆயாவின் இடது கண் திறக்க முடியாதபடி வீங்கியிருந்தது. கன்னப்பொட்டில் தோல் வெந்து நீர் கசிந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெயை இரவில் மருவின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். "கல்யாணத்துக்குள்ள உதுந்துடும்னு வச்சேன்" என்றார். அன்றே அவரை அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

தோலின் அமைப்பு

மருவை அறிய வேண்டுமானால் முதலில் தோலை அறிய வேண்டும். நம் உறுப்புகளுள் பரப்பில் மிகப் பெரியவற்றுள் ஒன்று தோல். வளர்ந்த மனிதனின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரை இருக்கும். அது மேல்தோல், அடித்தோல் என இரு அடுக்குகளைக் கொண்டது. அவற்றின் கீழே கொழுப்புத் திசு உள்ளது.

மேல்தோலின் அடிமட்டத்தில் செல்கள் இடைவிடாது பிரிந்துகொண்டே இருக்கின்றன. புதிய செல்கள் பழையனவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல அச்செல்களில் கெரட்டின் என்னும் கடினமான புரதம் நிறைகிறது. நம் நகத்திலும் முடியிலும் மாட்டின் கொம்பிலும் இருப்பது இந்தக் கெரட்டின்தான். மேற்பரப்பை அடையும்போது அவை உயிரற்ற செதில்களாகி உதிர்ந்துவிடுகின்றன. அடியில் பிறந்து மேலே உதிரும் இப்பயணத்துக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும்.

இதே அடிமட்டத்தில் மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் இடையிடையே அமர்ந்துள்ளன. இவை மெலனின் என்ற நிறமியை உண்டாக்கி அண்டைச் செல்களுக்கு வழங்குகின்றன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இச்செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. அவை உண்டாக்கும் நிறமியின் அளவிலும் தன்மையிலும்தான் வேறுபாடு. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மருத்துவ முறைகளைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

மருவின் வகைகள்

முதியவர்களின் தோலில் தோன்றும் தீங்கற்ற வளர்ச்சிகளுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஆயாவின் கன்னப்பொட்டில் இருந்தது. இதற்கு மருத்துவர்கள் செபோரிக் கெரடோசிஸ் என்று பெயரிட்டுள்ளனர். நாற்பது வயதுக்கு மேல் தோன்றத் தொடங்கி வயதோடு எண்ணிக்கையில் பெருகும். பழுப்பு அல்லது கறுப்பு நிறம், சொரசொரப்பான மேற்பரப்பு. உருகிய மெழுகைச் சொட்டித் தோலின்மேல் ஒட்டவைத்தாற்போன்ற தோற்றம் இதன் தனி அடையாளம். முகம், மார்பு, முதுகு என எங்கும் வரலாம். ஆனால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதில்லை. 'செபோரிக்' என்ற சொல் எண்ணெய்ச் சுரப்பியைக் குறித்தாலும் அச்சுரப்பிக்கும் இந்த மருவுக்கும் தொடர்பில்லை என்பது வியப்பான செய்தி. பழைய தவறு பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

இரண்டாவது, இதன் தங்கை எனத்தக்கது. கன்னத்திலும் கண்ணைச் சுற்றிலும் கறுத்த சிறு மணிகளாகத் தோன்றுவது. கருநிறத் தோலினரிடம், அவர்களுள்ளும் பெண்களிடம் மிகுதி. இளம் வயதிலேயே தொடங்கிவிடும். இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1925-ஆம் ஆண்டு இதை விவரித்து, டெர்மடோசிஸ் பாபுலோசா நைக்ரா என்று பெயரிட்டார். நம் தாய்மார் பலரின் முகத்தில் இதைக் காணலாம்.

மூன்றாவது, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மடிப்புகளில் காம்போடு தொங்கும் மென்மையான சதை. ஆங்கிலத்தில் 'ஸ்கின் டேக்' என்பர். உடல் பருத்தவர்களிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும், கருவுற்ற பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படும். தன்னளவில் தீங்கற்றதாயினும் இது ஒரு குறிப்பைச் சொல்லக்கூடும். கழுத்தில் இவை கொத்தாக இருந்தால் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நான்காவது, மார்பிலும் வயிற்றிலும் குன்றிமணிச் சிவப்பில் தோன்றும் சிறு புள்ளிகள். இவை நுண்ணிய இரத்தக் குழாய்களின் பெருக்கம். இலண்டனில் வாழ்ந்த அறுவை மருத்துவர் கேம்பெல் டி மார்கன் என்பவரின் பெயரால் இவற்றை அழைப்பதுண்டு. அறிந்தோ அறியாமலோ நம் தாத்தாக்கள் பலரிடம் இவை உள்ளன.

இவை ஏன் வருகின்றன?

முதுமை, குடும்ப வழி, வெயில் ஆகியவை செபோரிக் கெரடோசிசின் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மேல்தோல் செல் ஒன்றின் ஜீனில் ஏற்படும் மாற்றத்தால் அச்செல்லும் அதன் வழித்தோன்றல்களும் வழக்கத்தைவிட மிகுதியாகப் பெருகி ஓரிடத்தில் குவிகின்றன. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்னும் ஜீனில் இத்தகைய மாற்றம் பல மருக்களில் இருப்பதை 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இதே ஜீன் பிறவியிலேயே மாறியிருந்தால் ஒருவகைக் குள்ளத்தன்மை உண்டாகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் இதன் மாற்றம் காணப்படுகிறது. இவ்வளவு கெட்ட பெயர் எடுத்த ஜீன், தோலில் மட்டும் ஒரு பாவமறியாத மருவை உண்டாக்கிவிட்டு நின்றுவிடுகிறது! மரபியல் படிக்கும் நண்பர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

மேற்சொன்ன நான்கும் தொற்றுவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே துண்டால் துடைப்பதாலோ, குழந்தையைத் தூக்குவதாலோ பரவ மாட்டா. அழுக்கினாலும் வருவதில்லை. தொற்றக்கூடிய மரு வேறொன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் விரல்களில் முள்முள்ளாகத் தோன்றும் அது வைரஸ் கிருமியால் வருவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், குழந்தையின் மருவுக்கு உரிய அச்சம் பாட்டியின் மருவின்மேலும் ஏறிவிடுகிறது.

உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் செலுத்துவதாக வேண்டிக்கொள்ளும் வழக்கத்தை நாம் அறிவோம். வேண்டிக்கொண்டபின் மரு உதிர்ந்தது என்று பலர் சொல்வதும் பொய்யன்று. வைரஸ் மருக்களுள் பெரும்பாலானவை, முக்கியமாகக் குழந்தைகளிடம், ஓரிரண்டு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலால் தாமே மறைந்துவிடுகின்றன. முதியவர்களின் மருக்கள் அவ்வாறு மறைவதில்லை. ஆயாவும் மூன்று முறை உப்பும் மிளகும் கொட்டியிருக்கிறார். மரு உதிராதபோது, தம் வேண்டுதலில்தான் குறை என்று வருந்தியிருக்கிறார். குறை வேண்டுதலில் இல்லை. அது உதிரும் சாதி மரு அல்ல.

வீட்டு வைத்தியமும் விளைவும்

மருவைப் போக்க நம் ஊர்களில் வழங்கும் முறைகள் பல. சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பது, முந்திரி எண்ணெய், சேங்கொட்டை எண்ணெய் தடவுவது, குதிரை வால் முடியாலோ நூலாலோ இறுக்கிக் கட்டுவது, பிளேடால் அறுப்பது. இவற்றின் பின்னுள்ள விஞ்ஞானத்தை நோக்குவோம்.

சுண்ணாம்பும் சோடாவும் நீரோடு சேர்ந்தால் கடுங்காரம் உண்டாகும் என்பதை வேதியியல் நண்பர்கள் நன்கு அறிவர். காரம் புரதத்தையும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். மருவோடு அது நிற்பதில்லை. மருவின் எல்லை எதுவென்று அதற்குத் தெரியாது. முந்திரி ஓட்டின் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உள்ளன. எங்கள் ஊரில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு உட்காருவது இதற்கு அஞ்சித்தான். கையின் தடித்த தோலையே பொத்தலாக்கும் எண்ணெயைக் கண்ணுக்கு இரண்டு விரற்கடைத் தொலைவில் வைத்துக்கொண்டால் என்னாகும் என்பதை ஆயாவிடம் கண்டோம்.

நூலால் கட்டும் முறையில் ஓரளவு அறிவியல் உண்டு. காம்பில் இரத்த ஓட்டம் நின்றால் சதை கருகி விழும். ஆனால் கட்டியது தொங்கு சதைதானா என்பதை உறுதி செய்தவர் யார்? நூல் தூயதா? கட்டிக்கொள்பவருக்கு நீரிழிவு இருந்தால் புண் ஆறுமா? இக்கேள்விகளுக்கு விடையில்லாமல் கட்டுவது ஆபத்து. கடைகளில் விற்கும் 'மரு நீக்கி'களும் இவ்வாறே. மச்சத்தையோ தொங்கு சதையையோ செபோரிக் கெரடோசிசையோ நீக்குவதற்காக மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் எந்த மருந்துக்கும் தாங்கள் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் எச்சரித்தது.

எல்லாவற்றிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. அதை மருத்துவரே எங்களுக்குச் சொன்னார். ஆயாவின் முகத்தைப் பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியால் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் அப்பாவிடம், "இந்த எண்ணெயை வைக்காம வந்திருந்தா, பார்த்ததுமே இது சாதாரண மருன்னு சொல்லியிருப்பேன். இப்போ மேல் பாகமெல்லாம் வெந்துபோச்சு. அடையாளம் அழிஞ்சுபோச்சு. கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும்" என்றார். சிறு துண்டு ஒன்று பார்மலின் புட்டியில் சென்றது. முடிவு வரப் பத்து நாள். அப்பத்து நாளும் எங்கள் வீட்டில் யாரும் 'புற்று' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. யாரும் அதை மறக்கவுமில்லை.

அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஆயாவுக்கு நீரிழிவு இருப்பதும் தெரியவந்தது. கழுத்துச் சதைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த செய்தியை அன்றுதான் நாங்கள் படித்தோம்.

மருத்துவ முறைகள்

தீங்கற்ற மருவுக்கு மருத்துவம் தேவையா என்பது முதல் கேள்வி. தேவையில்லை என்பதே விடை. துணியில் உராய்ந்து வலித்தாலோ, அரித்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, பார்வைக்குத் தடையாயிருந்தாலோ, ஐயத்துக்கிடமாயிருந்தாலோ நீக்கலாம். தோற்றம் கருதி நீக்க விரும்பினாலும் அது குற்றமன்று. மனத்தின் வலியும் வலிதான். நீக்கும் முறைகளுள் முக்கியமானவற்றைக் காண்போம்.

1. உறையவைத்தல்: திரவ நைட்ரஜனின் கொதிநிலை -196 டிகிரி செல்சியஸ். 1883-இல் போலந்து அறிஞர்களான விரோப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் முதன்முதலில் நைட்ரஜனைத் திரவமாக்கினர். 1899-இல் நியூயார்க் மருத்துவர் கேம்பெல் ஒயிட் திரவக் காற்றைப் பஞ்சில் தோய்த்துத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தினார். 1950-இல் ஆலிங்டன் என்பவர் திரவ நைட்ரஜனைக் கொண்டுவந்தார். இன்று அதை மருவின்மேல் சில வினாடிகள் தெளிக்கின்றனர். செல்களுக்குள் பனிப்படிகங்கள் உண்டாகிச் சவ்வுகள் கிழிகின்றன. சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. கொப்புளம் எழும்பி, பொருக்குக் கட்டி, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் உதிரும்.

இங்கே எனக்கோர் ஐயம் எழுந்தது. எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் திரவ நைட்ரஜன் குடுவை உண்டு. அதில் காளையின் விந்தணுக்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஒரே திரவம் அங்கே உயிரைக் காக்கிறது. இங்கே செல்லைக் கொல்கிறது. எப்படி? எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். கிளிசரால் சேர்த்துப் பக்குவமாகக் குளிர்வித்தால் செல்லுக்குள் பனிப்படிகம் வளர்வது தடைப்படும் என்றும், 1949-இல் போல்ஜ் என்பவரும் அவருடைய துணைவர்களும் சேவலின் விந்தணுவைக் கொண்டு இதைக் கண்டறிந்தனர் என்றும் விளக்கினார். மருவுக்குக் கிளிசரால் காப்பு இல்லை. விரைவாக உறையவைத்து மெதுவாக உருகவிடுகிறார்கள். அதுவே செல்லுக்கு மிகவும் கொடியது.

இம்முறையில் நம்மவர் அறிய வேண்டிய குறை ஒன்றுண்டு. மேல்தோல் செல்லைக் கொல்லப் போதாத மிதமான குளிரிலேயே நிறமிச் செல் மடிந்துவிடும். ஆகவே கறுத்த தோலில் மரு போன இடத்தில் வெள்ளைத் தழும்பு நிற்கக்கூடும். சில சமயம் அது மாறாமலும் போகலாம். நம் முகத்துக்கு இம்முறையை மருத்துவர்கள் தயங்கிப் பயன்படுத்துவது இதனால்தான்.

2. சுரண்டி எடுத்தல்: மரத்துப்போகும் ஊசி போட்டபின் வளையம் போன்ற கூரிய கருவியால் மருவைச் சுரண்டி எடுப்பர். செபோரிக் கெரடோசிஸ் மேல்தோலிலேயே குடியிருப்பது, அடித்தோலுக்குள் வேர்விடுவதில்லை. ஆதலால் எளிதில் பெயர்ந்து வரும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்பது இம்முறையின் சிறப்பு. ஊசியில் பயன்படும் லிக்னோகெயின் என்ற மருந்தை 1943-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார்.

3. மின்சாரத்தால் கருக்குதல்: நுண்ணிய ஊசி முனை வழியே உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் செலுத்தி மருவைக் கருக்குவர். முகத்துச் சிறு மணிகளுக்கும் கழுத்துத் தொங்கு சதைகளுக்கும் நம் நாட்டில் பெரிதும் வழங்குவது இதுவே. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

4. கத்தரித்தல்: காம்புள்ள சதையைத் தூய கத்தரியால் நறுக்கிவிடுவர். ஓரிரு வினாடி வேலை. சிவப்புப் புள்ளிகளுக்கு மின்சாரமோ லேசர் ஒளியோ பயன்படும்.

பூசும் மருந்தால் நீக்க முடியாதா என்று பலரும் கேட்பர். 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2017-இல் ஒப்புதல் கிடைத்தது; ஆனால் 2019-இலேயே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. இது மருத்துவர் கையால் பூசப்பட வேண்டியதாக இருந்தது. நம் வீட்டுப் புண்ணுக்கு ஊற்றும் நீர்த்த பெராக்சைடோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

எம்முறையாயினும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உடையவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு மரு போனாலும் வேறிடத்தில் புதிது தோன்றலாம். அது மருத்துவத்தின் தோல்வி அன்று, வயதின் இயல்பு.

அஞ்ச வேண்டியவை

இனி இரண்டாவது நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எழுதக் கை தயங்குகிறது.

ஆயாவின் கொழுந்தனார், நாங்கள் சின்னத் தாத்தா என்று அழைப்பவர், ஆயாவுக்கு இது நேர்வதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. முந்திரிக் காட்டில் செருப்பில்லாமல் நடப்பவர். முள் தைத்த இடம் என்றே நினைத்தார். எருக்கம்பால் வைத்தார். பிளேடால் சீவினார். ஓராண்டில் அது படர்ந்து புண்ணாயிற்று. தொடையிடுக்கில் நெறி கட்டியபின்தான் பெரிய மருத்துவமனைக்குப் போனார். மெலனோமா என்னும் நிறமிச் செல் புற்றுநோய் என்றார்கள். எட்டு மாதம் இருந்தார்.

வெள்ளைத் தோலினரை ஒப்பிட நம்மிடம் மெலனோமா அரிது. ஆனால் வரும்போது வெயில் படும் முகத்தைவிட, நாம் பாராத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவது மிகுதி. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977-இல் கண்டறியப்பட்டதும் இவ்வகையே. 1981-இல் அவர் மறைந்தபோது வயது 36.

ஐயத்துக்குரிய மச்சத்தை அறிய 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் எளிய விதி ஒன்றை வகுத்தனர். பின்னர் 2004-இல் ஐந்தாவதாக ஒரு குறி சேர்க்கப்பட்டது. தமிழில் இவ்வாறு சொல்லலாம்: ஒரு பாதி மறு பாதியை ஒவ்வாதிருத்தல், விளிம்பு ஒழுங்கற்றிருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறங்கள் கலந்திருத்தல், விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படல், நாளுக்கு நாள் மாறுதல். இவற்றோடு நம்மவர் இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாய்த் தோன்றும் கறுப்பு. வாரக்கணக்கில் ஆறாத புண். சில மாதங்களுக்குள் திடீரென்று அரிப்போடு ஏராளமான மருக்கள் தோன்றுதல். கடைசியில் சொன்னது அரிதாக உள்ளுறுப்பு நோயின் அறிகுறியாகலாம். இவற்றுள் எது இருந்தாலும் மருத்துவரைக் காண்பதில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான். அஞ்ச வேண்டாததற்கு ஆயா அஞ்சினார். அஞ்ச வேண்டியதைச் சின்னத் தாத்தா அலட்சியம் செய்தார். இருவருக்கும் மருந்து கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. எட்டாதிருந்தது அறிவு. அவ்வறிவை இரண்டாம் ஆண்டிலேயே கற்று மதிப்பெண்ணும் வாங்கிய என் அக்காவோ, பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த நானோ, தாத்தாவின் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முடிவுரை

பத்தாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. தீங்கற்ற செபோரிக் கெரடோசிஸ். சர்க்கரை கட்டுக்குள் வந்து புண் ஆறியபின் எஞ்சியிருந்த பகுதியை மருத்துவர் சுரண்டி எடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அரசு மருத்துவமனை ஆதலால் செலவும் இல்லை. கழுத்துச் சதைகளை என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு ஆயா, "அது பாட்டுக்குக் கெடக்கட்டும் டாக்டரம்மா, யாரை என்னா பண்ணுது?" என்று கூறிவிட்டார். "இது யாருக்கும் தொத்தாது பாட்டி. நீங்க கொள்ளுப் பேரனையும் தூக்கி வளர்க்கலாம்" என்று மருத்துவர் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அந்தச் சொல், எந்தக் களிம்பைவிடவும் நன்றாக வேலை செய்தது என்பேன். ஊசி குத்திய இடத்தைவிட ஆழமான புண் ஒன்று அன்று ஆறிற்று.

அக்காவின் திருமணத்தில் ஆயா முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கன்னப்பொட்டில் வெளிறிய தழும்பு ஒன்று இருந்தது. அன்று அப்படிக் கேட்ட அதே உறவினர் பக்கத்தில் அமர்ந்து நலம் விசாரித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவரும் அறியாமல் கேட்டவரே.

நண்பர்களே, நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் படிக்கும் பாடம் தேர்வுத் தாளோடு நின்றுவிட்டால் அதனால் வீட்டுக்குப் பயனில்லை. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது ஒரு வேலை செய்யுங்கள். தாத்தாவுக்குக் கால் பிடித்து விடுங்கள். அப்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பாட்டிக்கு முதுகு தேய்த்து விடுங்கள், அங்கிருப்பதைக் கவனியுங்கள். ஒட்டவைத்த மெழுகுபோல் இருந்தால், "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அவர் மனத்தைத் தேற்றுங்கள். மாறுவதாகவோ ஆறாததாகவோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எதுவாயினும் முந்திரி எண்ணெயையும் சுண்ணாம்பையும் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள்.

நான் இப்போது ஊருக்குச் செல்லும்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறேன். "என்னாடி எப்பப் பாத்தாலும் என் உள்ளங்காலையே பாக்கிற?" என்று ஆயா சிரிக்கிறார். சின்னத் தாத்தாவின் காலைப் பாராத கண்கள் இவை என்று நான் அவரிடம் சொல்வதில்லை.